கணக்கு கடையில் இருக்கட்டுமா, கிளவுட்டுக்குப் போகட்டுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நானும் என் தம்பியும் கூட்டாக ஹார்டுவேர், பெயிண்ட், பிளம்பிங் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறோம். புதுச்சேரி வில்லியனூரில் ஒரு கிளை இருக்கிறது. கணக்கெல்லாம் டாலி மென்பொருளில். டேட்டா கடலூர்க் கடையில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது. கிளையில் இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இதற்குள் வந்துதான் பில் போடுகிறார்கள். அதற்காகச் சர்வீஸ் தம்பி ரவுட்டரில் ஏதோ போர்ட் திறந்து வைத்துக் கொடுத்திருக்கிறார். பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், எப்போதும் செருகியே இருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "எல்லாத்தையும் கிளவுட்டுக்கு மாத்திடுங்கப்பா" என்கிறாள். சர்வீஸ் தம்பியோ, "நம்ம டேட்டா நம்ம கையில இருக்கணும் சார், ஒரு நாஸ் பெட்டி வாங்கிடுங்க, அரை லட்சம் ஆகும்" என்கிறார். நாஸ் என்பது நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டியாம். எதைச் செய்வது? பழைய வருடக் கணக்குகளை அழித்து இடம் பண்ணலாமா?

பதில்:

வணக்கம் ஐயா. கிளவுட்டா (அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் வைப்பதா), கடையிலா என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. ரவுட்டரில் போர்ட் திறந்திருக்கிறது என்றீர்களே, அதை இன்றைக்கே மூடச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்ற போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டருக்குள் வரும் ஒரு கதவில், காத்திருக்கும். அதை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்தால், உலகத்தில் எங்கிருந்தும் அந்தக் கதவைத் தட்டலாம். தட்டுகிறவர்கள் உட்கார்ந்து யோசித்துத் தட்டுவதில்லை. இப்படித் திறந்திருக்கும் கதவுகளைத் தேடி, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கடை சின்னதா பெரிதா என்று அவை பார்ப்பதில்லை. உள்ளே வந்துவிட்டால் ரேன்சம்வேரை ஏவுவார்கள். கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொள்ளும், திறக்கப் பணம் கேட்பார்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்படும். நாஸ் பெட்டி ஒரு டிரைவாக இணைந்திருந்தால் அதுவும்தான். மகள் சொன்னபடி கிளவுட் ஃபோல்டர் ஒன்றை ஓட விட்டிருந்தால், பூட்டப்பட்ட கோப்புகளே மேலே ஏறி நல்ல கோப்புகளின் இடத்தில் உட்கார்ந்துவிடும். கதவு திறந்திருக்கும் வரை இருவர் சொல்லும் வழியும் உங்களைக் காப்பாற்றாது.

போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதான். கிளையிலிருந்து கட்டாயம் வந்துதான் ஆக வேண்டும் என்றால் வி.பி.என். (இரண்டு இடங்களுக்கு நடுவே இணையத்தில் போடும் பூட்டிய தனிவழி) போடச் சொல்லுங்கள். ஆளாளுக்குத் தனி யூசர், நீளமான பாஸ்வேர்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு மூன்றும் வேண்டும். 'டாலி' என்ற பெயரையும் கடையின் பின்கோடையும் சேர்த்துப் பாஸ்வேர்டு வைத்திருக்கும் கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அப்படி இல்லை என்று நம்புகிறேன்.

ஆனால் கிளை அப்படி வந்துதான் பில் போட வேண்டுமா என்பதையே யோசித்துப் பாருங்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அந்தக் கிளைக்குத் தனி ஜிஎஸ்டி பதிவு. கடலூர் எண் 33-ல் தொடங்கும், வில்லியனூர் எண் 34-ல் தொடங்கும். ரிட்டர்னும் தனித்தனி. டாலிபிரைம் 3.0 முதல் ஒரே கம்பெனிக்குள் இரண்டு பதிவையும் வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். உங்கள் நிலையில் நான் தனித்தனிக் கம்பெனியாகவே வைப்பேன். வில்லியனூர்க் கணக்கு வில்லியனூர்க் கம்ப்யூட்டரில் ஓடட்டும். நெட் போனாலும் அங்கே பில் நிற்காது. அங்கே என்ன சரக்கு இருக்கிறது என்று நீங்கள் பார்க்க டாலியிலேயே வழி இருக்கிறது: சந்தா நடப்பில் இருந்தால் ரிப்போர்ட்டுகளை பிரவுசரில் பார்க்கலாம். அரை இன்ச் பைப் நூறு இருக்கா என்று கேட்க உங்கள் ஆட்கள் எப்படியும் போன்தான் போடப் போகிறார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கடையில் இருப்பது எல்லாமே ஒரே மாதிரி டேட்டா இல்லை. உங்களைப் போன்ற கடையில் டாலி டேட்டா இரண்டு மூன்று ஜி.பி. இருந்தாலே அதிகம். வாங்கிய பில்களின் ஸ்கேன், கம்பெனி விலைப்பட்டியல், செக் நகல், வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர் படங்கள் எல்லாம் சேர்ந்து நூறு, நூற்றைம்பது ஜி.பி. இருக்கலாம். மீதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது சி.சி.டி.வி. பதிவு. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு நாளைக்கு 21 ஜி.பி.க்கு மேல் ஆகும். எட்டு கேமரா என்றால் நாளொன்றுக்கு 170 ஜி.பி.யைத் தாண்டும். இதைக் கிளவுட்டில் ஏற்ற நினைக்கவே வேண்டாம், நெட் முழுவதையும் அதுவே குடித்துவிடும். கேமரா பதிவு, அதற்கென்றே உள்ள டி.வி.ஆர். பெட்டியில் சுழன்று தானாக அழியட்டும்.

இவற்றில் போனால் திரும்பி வராதது எது என்று உங்கள் தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். பில்கள் என்பீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிக்குப் போட்ட பில்லின் விவரம் நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னில் இருக்கிறது, போர்ட்டலில் எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய பில் சப்ளையரிடம் இருக்கிறது. போனால் போனதுதான் என்று இருப்பது பாக்கிப் பட்டியல். மேஸ்திரி ஒருவர் வீடு கட்டி முடிக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் எடுப்பார், நடுவில் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று கொடுப்பார். அவருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. ரிட்டர்னில் அவர் பெயரே வராது, மொத்தத் தொகையோடு தொகையாகக் கரைந்துவிடும். அவர் இன்னும் எவ்வளவு தர வேண்டும் என்பது உலகத்திலேயே உங்கள் டாலியில் மட்டும்தான் இருக்கிறது. அது அழிந்தால், அவர் சொல்வதுதான் கணக்கு.

அடுத்து இரண்டு கேள்வி. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எத்தனை மணி நேரம் பில் போடாமல் கடை தாங்கும்? கடைசியாக எடுத்த பேக்கப்புக்குப் பிறகு போட்ட பில்களில் எவ்வளவை உட்கார்ந்து மறுபடி ஏற்ற முடியும்? என் அனுபவத்தில் மொத்த வியாபாரக் கடைகள் அரை நாள் தாங்கும், ஒரு நாள் பில்லைக் கார்பன் நகலைப் பார்த்து ஏற்றிவிடும். ஒரு வாரத்து பில் என்றால் திண்டாட்டம்தான். அப்படியென்றால் தினமும் ஒரு பேக்கப், அரை நாளில் மீண்டு எழும் ஏற்பாடு, இவ்வளவுதான் உங்களுக்குத் தேவை. நொடிக்கு நொடி நகலெடுக்கும் பெரிய ஏற்பாடெல்லாம் வங்கிக்காரர்களுக்கு.

அந்த பேக்கப் எங்கே இருக்க வேண்டும் என்பதில் நம் ஊர் தனி. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில். உங்கள் கடைக்கும் கிளைக்கும் நடுவில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் மாவட்டமே மிதந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்தது. கடலூர் பேக்கப்பை வில்லியனூரிலும் வில்லியனூர் பேக்கப்பைக் கடலூரிலும் வைத்துக்கொண்டால் போதாதா என்று உங்கள் தம்பி கேட்கக்கூடும். திருட்டு, தீ விபத்து, கம்ப்யூட்டர் பழுது, இதற்கெல்லாம் அது நல்ல ஏற்பாடு. புயலுக்கு ஆகாது. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது புயலுக்கு ஒரு தூரமே இல்லை. ஒரு நகலாவது இந்தக் கரையை விட்டு வெளியே இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் உங்களுக்குக் கிளவுட் வேண்டும் என்கிறேன்.

ஃபெஞ்சல் மழை வடிந்த பிறகு ஒரு கடைக்குப் போயிருந்தேன். மேசைக்குக் கீழே சி.பி.யூ., அதன் தலைமேல் பேக்கப் டிஸ்க், இரண்டையும் இணைத்தபடி ஒரு சாண் ஒயர். இரண்டிலும் ஒரே உயரத்துக்குச் சேறு. அந்த டிஸ்க்கில் முந்தின நாள் இரவு வரை பேக்கப் ஒழுங்காக எடுத்திருந்தார்கள் என்பதுதான் வேதனை.

அதே புயல்தான் முழுக்கக் கிளவுட்டுக்குப் போவதற்கும் எதிராகப் பேசுகிறது. தானே புயல் அடித்தபோது இங்கே எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனால் செல்போன் டவர் பேட்டரி தீரும் வரைதான். மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் ஆள் வந்து ஒட்டும் வரை நெட் கிடையாது. உங்கள் தொழிலுக்கோ புயலுக்கு மறுநாள்தான் கூட்டம்: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஆணி, கட்டுக் கம்பி, தார்ப்பாய், பைப். அன்றைக்கு "சர்வர் கிடைக்கவில்லை" என்று திரை சொன்னால் என்ன செய்வீர்கள்? கம்ப்யூட்டர் கடையில் இருந்தால் ஒரு சின்ன ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு பில் போடலாம்.

ஆக, ஓடுகிற டாலி கடையில் இருக்கட்டும், பிழைத்திருக்க வேண்டிய நகல் கிளவுட்டில் இருக்கட்டும். மகள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் வேலை செய்யும் இடத்தில் நெட் போவதே அபூர்வம், அதனால் அவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு.

கிளவுட்டில் ஏற்றிவிட்டால் அது சாகாவரம் பெற்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் முழுவதும் எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி அமைப்பின் கிளவுட் சந்தாவையே கூகுள் தரப்பில் நடந்த ஒரு தவறு அழித்துவிட்டது. அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீண்டு வர உதவியது. கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடம்தான். மைக்ரோசாஃப்டுக்குச் சென்னை, மும்பை, புனேவிலும், அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பை, டெல்லியிலும் அந்தக் கட்டடங்கள் இருக்கின்றன. இடத்தைத் தேர்ந்தெடுக்க விடும் சேவையாக இருந்தால் சென்னையைத் தவிருங்கள். அதுவும் இதே வங்கக் கடல் ஓரம்தான்.

இன்னொன்றிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றை கம்ப்யூட்டரில் போட்டு ஒரு ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால் அது பேக்கப் ஆகிவிடாது. அது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். மார்ச்சில் யாரோ தெரியாமல் அழித்ததை ஆடிட்டர் ஜூலையில் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். முக்கியமாக, டாலி ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரையே அதற்குள் வைத்துவிடாதீர்கள். டாலி ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும். பாதி எழுதிய நிலையில் ஒத்திசைவு நுழைந்தால் ஒரு கோப்பு புதிதாகவும் இன்னொன்று பழையதாகவும் நின்று டேட்டா கெட்டுப் போகும். டாலியின் பேக்கப் வசதியில் எடுத்த கோப்பைத்தான் மேலே அனுப்ப வேண்டும்.

நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். கடை மூடும்போது டாலி பேக்கப் ஒன்று, அன்றைய தேதியின் பெயரில். அது இரவில் தானாகக் கிளவுட்டுக்குப் போகட்டும், போகும் முன்பே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சேவையில், குறிப்பிட்ட நாள் வரை யாராலும், உங்களாலேயேகூட, அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருக்க வேண்டும். சர்வீஸ் தம்பியிடம் இதை வலியுறுத்திக் கேளுங்கள், ரேன்சம்வேருக்கு நேரான மருந்து இது. கூடவே எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு. இப்போது இருப்பது ஒன்று, புதிதாக ஒன்று. சனிக்கிழமை செருகி, நகலெடுத்து, கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அடுத்த சனிக்கிழமை மற்றது. கழற்றி வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டில் மாடியில், உப்புக் காற்று படாமல் மூடிய டப்பாவில் இருக்கட்டும். இதற்கு எஸ்.எஸ்.டி. வேண்டாம், சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நல்லது, எஸ்.எஸ்.டி.யை மின்சாரம் காட்டாமல் நெடுநாள் போட்டு வைத்தால் எழுதியது மெல்ல மங்கக்கூடும். பென்டிரைவ் பேச்சே வேண்டாம்.

டாலி பேக்கப்பையும் ஸ்கேன் படங்களையும் தனித்தனியாக ஏற்றச் சொல்லுங்கள். காரணம் வேகம். உங்கள் இணைப்பில் மேலேற்றும் வேகம் 20 மெகாபிட் என்றால் 150 ஜி.பி. ஏறப் பதினேழு மணி நேரம் ஆகும். அது ஒரு முறைதான், பிறகு தினமும் புதியது மட்டும் ஏறும். திரும்ப இறக்குவதுதான் கஷ்டம். புயலுக்குப் பிறகு செல்போன் ஹாட்ஸ்பாட்டில் 5 மெகாபிட் கிடைக்கிறது என்று வையுங்கள், மொத்தத்தையும் இறக்க இரண்டே முக்கால் நாள். இரண்டு ஜி.பி. டாலி பேக்கப் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பில் போட ஆரம்பித்துவிட்டு படங்களை நிதானமாக இறக்கிக்கொள்ளலாம்.

நாஸ் பெட்டி இப்போது வேண்டாம். அதில் இரண்டு டிஸ்க் இருக்கும், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்; ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது. நல்ல விஷயம்தான். ஆனால் தவறாக அழித்தாலும், ரேன்சம்வேர் பூட்டினாலும், அதுவும் இரண்டிலும் அப்படியே நடக்கும், தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஐந்தாறு பேர் பெரிய பெரிய டிசைன் கோப்புகளைப் பகிர்ந்து வேலை செய்யும் அச்சகம், ஸ்டுடியோ போன்ற இடத்துக்கு நான் நாஸ்தான் சொல்வேன். உங்களுக்கு அந்த அரை லட்சத்தில் பாதிகூடச் செலவாகாது: ஒரு டிஸ்க், கிளவுட்டுக்கு ஒரு வருடச் சந்தா, நல்ல யு.பி.எஸ். ஒன்று. மீதியில் டாலி கம்ப்யூட்டரை மாடிக்கு மாற்றிவிடுங்கள். மாடி இல்லையென்றால் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை அடித்து அதன்மேல் வையுங்கள்.

கிளவுட் கணக்கு யார் பெயரில் என்பதில் கறாராக இருங்கள். சர்வீஸ் தம்பியின் மெயிலிலோ கணக்குப் பிள்ளையின் போன் எண்ணிலோ தொடங்கிவிடுவார்கள், வசதியாக இருக்கும். ஆள் மாறினால் ஓ.டி.பி. அவருக்குப் போகும். கடை பெயரில் ஒரு மெயில், உங்கள் எண்ணும் உங்கள் தம்பியின் எண்ணும், பணம் கட்டும் கார்டு காலாவதியாகும் மாதம் காலண்டரில். கார்டு செத்து, பணம் பிடிக்க முடியாமல், நினைவூட்டல் மெயிலை யாரும் பார்க்காமல் சேவை நின்றுபோவது நான் அடிக்கடி காண்பது. பேக்கப்பைப் பூட்டிய பாஸ்வேர்டு தொலைந்தால் அந்தச் சேவைக்காரராலும் திறக்க முடியாது. அதைத் தாளில் எழுதி, உறையில் போட்டு, பேங்க் லாக்கரில் ஒன்றும் மகளிடம் ஒன்றும் வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வில்லியனூர்க் கம்ப்யூட்டரில் கடலூர் பேக்கப்பை இறக்கித் திறந்து பாருங்கள். கடைசி பில் எண் என்ன, தெரிந்த இரண்டு மேஸ்திரிகளின் பாக்கி சரியாக வருகிறதா, இது போதும். தினமும் "பேக்கப் முடிந்தது" என்று பச்சை டிக் வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறு மாதமாகக் காலி ஃபோல்டர் ஒன்றை ஒழுங்காக நகலெடுத்துப் பச்சை டிக் போட்ட மென்பொருளும் இருக்கிறது.

பழைய கணக்கை அழிப்பது பற்றி. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஒரு வருடத்தின் ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கெடு தேதி எதுவோ அதிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கின் கெடு 2024 டிசம்பர் 31. ஆக, அது 2030 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். அந்த வருடத்தின் மேல் அப்பீல், விசாரணை ஏதாவது இருந்தால் அது முடிந்து ஓராண்டு வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. அதே சட்டத்தின் 57-ஆவது விதி, விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணு பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வெள்ளத்தில் போய்விட்டது என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. கம்பெனிகளுக்கு, கணக்கின் பேக்கப்பைத் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும் என்று தனி விதி உண்டு. நீங்கள் கூட்டு வியாபாரம் என்பதால் அது உங்களைக் கட்டாது. பின்னால் பிரைவேட் லிமிடெட் ஆக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே அப்படித் தேர்ந்தெடுத்துவிடுவது சுலபம்.

இடம் பண்ணத்தான் அழிக்க நினைக்கிறீர்கள் என்றால் டாலியில் கை வைக்காதீர்கள். பத்து வருடக் கணக்கும் சேர்ந்து உங்கள் சி.சி.டி.வி.யின் ஒரு காலைப் பொழுது அளவுகூட வராது. 2017 ஜூலைக்கு முந்தைய வாட் கால ஸ்கேன்கள் கிடந்தால், வழக்கு நிலுவை ஏதும் இல்லையா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அவற்றை மட்டும் எடுத்துவிடலாம்.